நாடி பிடித்தவர்கள் கைகோத்தபோது

1929 மார்ச் 17 அன்று ஷாங்காயில் சீன மருத்துவர்கள் அரை நாள் நோயாளிகளைப் பார்க்கவில்லை. மூலிகை மருந்துக் கடைகளும் அடைக்கப்பட்டிருந்தன. நகரின் வர்த்தக சங்க மண்டபத்தில் சுமார் 130 அமைப்புகளின் சார்பில் 250க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடியிருந்தார்கள். ரயிலிலும் கப்பலிலுமாக 15 மாகாணங்களிலிருந்து வந்தவர்கள். மேடையருகே இரண்டு பெரிய பதாகைகள் தொங்கின. பண்பாட்டுப் படையெடுப்பைத் தடுக்கச் சீன மருத்துவத்தை வளர்ப்போம் என்றது ஒன்று. பொருளாதாரப் படையெடுப்பைத் தடுக்கச் சீன மருந்துகளை வளர்ப்போம் என்றது மற்றொன்று.

இந்தக் கூட்டம் நடந்ததே ஓர் அதிசயம் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஒருவரை ஒருவர் நம்பியவர்கள் அல்லர்.

அன்றைய சீனத்தில் மருத்துவர் ஆவதற்கு நாடு முழுவதற்கும் பொதுவான தேர்வு கிடையாது, உரிமம் கிடையாது. தந்தையிடம் கற்றவர்கள் இருந்தார்கள். அரசுப் பணித் தேர்வில் தோற்றுவிட்டு, பழைய மருத்துவ நூல்களைத் தாமே படித்துத் தொழிலில் இறங்கியவர்கள் இருந்தார்கள். கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர்களும் இருந்தார்கள். கைகண்ட மருந்துகளைக் குடும்பத்துக்கு வெளியே சொல்வதில்லை. வசதியான வீடுகளில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மருத்துவர்களை வரவழைத்து, அவர்கள் எழுதித் தரும் மருந்துச் சீட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருவரின் கைராசி இன்னொருவரின் நஷ்டம்.

கொள்கையிலும் ஒற்றுமை இல்லை. கி.பி. 200ஐ ஒட்டி சாங் சோங்ஜிங் எழுதிய ‘குளிர்த் தாக்கு’ நூலைப் பின்பற்றியவர்கள் ஒரு பக்கம். காய்ச்சல்களில் பல குளிரால் வருவன அல்ல, வெப்பத்தால் வருவன என்று பிற்காலத்தில் தென்சீனத்தில் எழுந்த பிரிவினர் மறுபக்கம். ஒரே காய்ச்சலுக்கு முதலாமவர் இலவங்கக் குச்சி போட்டு உடம்பைச் சூடாக்கி வியர்க்க வைப்பார். இரண்டாமவர் அது ஆளைக் கொன்றுவிடும் என்று சொல்லிக் குளிர்ச்சியான பூக்களையும் காய்களையும் தருவார். இப்படிப்பட்டவர்கள் ஒரே சங்கத்தில் சேர என்ன நடந்தது?

அதற்கு முந்தைய மாதம் நான்ஜிங்கில் அரசின் மத்திய சுகாதாரக் குழு கூடியது. குழுவில் இருந்தவர்கள் எல்லாம் மேற்கத்திய மருத்துவம் படித்தவர்கள். அவர்களில் ஒருவரான யூ யுன்ஷியு, பழைய மருத்துவத்தை ஒழித்தால்தான் சுகாதாரப் பணிக்கு வழி பிறக்கும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். சீன மருத்துவர்கள் 1930 முடிவதற்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு அரசு தரும் பயிற்சிக்கு வர வேண்டும். சீன மருத்துவப் பள்ளிகள் கூடாது, விளம்பரங்கள் கூடாது. 50 வயதைக் கடந்து 20 ஆண்டுகள் தொழில் செய்தவர்களுக்குப் பயிற்சியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவர்களும் தொற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, இறப்புச் சான்று எழுதக் கூடாது. புதியவர்கள் யாரும் தொழிலுக்கு வராமல், இருப்பவர்களுக்கு வயதாகி, தொழில் தானே அவிந்துவிடும் என்பது கணக்கு. திட்டத்தின் சாரத்தைக் குழு ஏற்றுக்கொண்டது.

யூவை வில்லனாக்கிவிடுவது சுலபம், அது நியாயமில்லை. ஜப்பானின் ஓசாகாவில் மருத்துவம் படித்த அவர் சீனப் பழநூல்களிலும் ஆழ்ந்த புலமை உள்ளவர். மூலிகைகளில் பலன் இருப்பதை அவர் மறுக்கவில்லை. மருத்துவத்தை விடு, மருந்தை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய் என்பது அவர் கட்சி. எழுத்தாளர் லூ ஷுன்னுக்கும் இந்த மருத்துவத்தின் மேல் ஆறாத கோபம் இருந்தது. நோயுற்ற தந்தைக்கான மருந்தில் ஒரே வளையில் வாழ்ந்த சில்வண்டு ஜோடியைச் சேர்க்கும்படி ஊரின் பெரிய வைத்தியர் கேட்டதையும், அதைத் தேடி அலைந்தும் தந்தை பிழைக்காததையும் அவர் எழுதியிருக்கிறார்.

யூவின் பட்டியலில் இறப்புச் சான்று ஏன் வந்தது? இங்கேதான் விஷயத்தின் ஆணிவேர் இருக்கிறது. 1910-11இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி சுமார் 60,000 பேர் இறந்தார்கள். பினாங்கில் பிறந்த ஊ லியென்தே தலைமையில் முகக்கவசம், தனிமைப்படுத்தல், பிண எரிப்பு ஆகியவற்றால்தான் அது அடங்கியது. நோய் மூச்சின் வழியே பரவும் என்று அறியாத பாரம்பரிய மருத்துவர்கள் பலர் நோயாளிகளோடு சேர்ந்து மடிந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பின் அரசுக்கு மருத்துவர் என்றால் குணப்படுத்துகிறவர் மட்டுமல்ல. எந்த ஊரில், எந்த நோயில், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்குத் தருகிறவரும்கூட. ஒருவர் ‘குளிர்த் தாக்கு’ என்றும் அடுத்தவர் ‘வெப்பக் காய்ச்சல்’ என்றும் எழுதினால் அந்தக் கணக்கைக் கூட்ட முடியாது.

செய்தி ஷாங்காய்க்கு எட்டியதும் முதலில் கொதித்தெழுந்தவர்கள் இளைஞர்கள். சென் சுன்ரென்னுக்கு அப்போதுதான் இருபது வயது கடந்திருந்தது. மருத்துவம் பார்த்துக்கொண்டே உடல்நலம் பற்றி ஒரு வாரப் பத்திரிகை நடத்திவந்தார். நாடெங்கும் இருந்த மருத்துவர்கள் பலர் அதன் சந்தாதாரர்கள். சந்தாப் பட்டியலில் அவர்களின் முகவரிகள் இருந்தன! நண்பர் சாங் சான்சென்னோடு சேர்ந்து அந்த முகவரிகளுக்குத் தகவல் அனுப்பினார். எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள், எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அரசுக்கே தெரியாத நாட்டில், இருபது வயது ஆசிரியர் ஒருவரின் மேஜை இழுப்பறையில் ஒரு தொழிலின் வரைபடம் கிடந்திருக்கிறது.

பணத்துக்கு வழி மருந்து வணிகர்கள். மருத்துவர் எழுதித் தரும் சீட்டு இல்லாமல் மூலிகைக் கடையில் வியாபாரம் இல்லை. வேர் தோண்டுகிறவர், படகில் மூட்டை ஏற்றுகிறவர், கடையில் துலாக்கோல் பிடித்து நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறவர் என இந்தத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் ஏராளம். சுதேசிப் பொருள் இயக்கம் சூடாக இருந்த காலம் அது. வெளிநாட்டு மருந்து இறக்குமதி பெருகும் என்ற வாதம் வணிகர்களிடையே உடனே எடுபட்டது.

சமூக அறிவியலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965இல் வெளியிட்ட நூலில், பொது நன்மை இருப்பதால் மட்டும் மனிதர்கள் கூடிவிடுவதில்லை என்று காட்டினார். மற்றவர்கள் உழைக்கட்டும், பலன் நமக்கும் வரும் என்று ஒதுங்கி நிற்பதே தனிமனிதருக்கு லாபம். பெரிய கூட்டம் சேர வேண்டுமானால் இழப்பு ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். கூப்பிடும் செலவும் குறைவாக இருக்க வேண்டும். யூவின் திட்டம் முதலாவதைச் செய்தது. தந்தியும் சந்தாப் பட்டியலும் இரண்டாவதைச் செய்தன. 1912இல் புதிய குடியரசின் கல்வித் திட்டத்தில் சீன மருத்துவம் விடுபட்டபோதும் ஒரு சங்கம் தோன்றி அரசிடம் மனுக் கொடுத்ததுண்டு. அப்போது பறிபோனது பாடத்திட்டத்தில் ஓர் இடம். இப்போது அன்றாடப் பிழைப்பு.

மாநாடு தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பை நிறுவி ஐந்து பேரை நான்ஜிங்குக்கு அனுப்பியது. மூத்தவர் ஷியே குவான் தலைமை. சென்னும் உடன் போனார். நிர்வாக மன்றத் தலைவர் தான் யென்காய் அவர்களை வரவேற்று, அங்கேயே தமது கையை ஷியேவிடம் நீட்டினார் என்று சென் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, இலேசாகவும் பிறகு அழுத்தியும், ஒவ்வொரு கையிலும் மூன்று இடங்களில் நாடி பார்ப்பது சீன முறை. நாட்டின் உச்சப் பதவிகளில் ஒன்றில் இருந்தவர் நாடி பார்க்கச் சொல்லி, மருந்துச் சீட்டும் எழுதி வாங்கிக்கொண்டார்.

திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் வெற்றி முழுமையானதும் அல்ல. சில வாரங்களிலேயே, சீன மருத்துவப் பள்ளிகள் தங்களைப் பள்ளி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று ஆணை வந்தது, மருத்துவமனைகளுக்கும் அப்படியே. ஆண்டு இறுதியில் மறுபடி மாநாடு, மறுபடி மனு. 1931இல் அரசு ஆதரவோடு தேசிய மருத்துவக் கழகம் உருவானது. சீன மருத்துவத்தை அறிவியல் முறையில் ஒழுங்குபடுத்துவது அதன் பணி.

உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கியது என்பது என் கருத்து. வெளியே எதிரி நின்றபோது சேர்ந்து நிற்பது ஒரு வகை. நாங்கள் ஒரே தொழில் என்று சொன்ன பிறகு, அந்தத் தொழிலின் உள்ளடக்கம் என்ன என்று எழுதிக் காட்டுவது வேறு வகை. 1933இல் கழகம் நோய்ப் பெயர்களை ஒருமைப்படுத்த முனைந்து, மேற்கத்திய மருத்துவத்தின் பெயர்களையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்று முன்மொழிந்தது.

யுன் தியெச்சியாவ் கடுமையாக எதிர்த்தார். இவர் முன்னாள் இலக்கியப் பத்திரிகை ஆசிரியர். தம் மூன்று மகன்களைக் காய்ச்சலுக்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகு, பேனாவை விட்டு மருத்துவம் கற்றவர். டைஃபாய்டுக்குச் சீன மொழியில் அப்போதே ‘குளிர்த் தாக்கு’ என்ற பழைய பெயரைச் சூட்டியிருந்தார்கள். பழைய நூலிலோ அது ஒரு கிருமி தரும் ஒரே நோயின் பெயர் அல்ல. பல காய்ச்சல்களையும், அவை நாளுக்கு நாள் உடம்பில் மாறிச் செல்லும் படிகளையும் உள்ளடக்கிய பெரிய வகை. எந்தப் படியில் எந்த மருந்து என்பதுதான் அந்த நூலின் உயிர். அந்தப் பெயரைக் கிருமிக்குக் கொடுத்துவிட்டால் சிகிச்சை முறை முழுவதும் பிடிமானம் இழந்துவிடும் என்பது அவர் வாதம். பிள்ளைகளைப் புதைத்த ஒருவர் அதே நோயின் பெயருக்காகப் போராடினார் என்பதை என்னால் வெறும் தகவலாகப் படித்துவிட்டுப் போக முடியவில்லை. எதிர்ப்பு பரவியதால் முன்மொழிவு நிறைவேறவில்லை.

1936இல் சீன மருத்துவர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. சட்டப்படியான தொழில் என்ற அந்தஸ்து கிடைத்தது. தொற்றுநோயைக் கண்டால் அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமையும் கூடவே வந்தது. எந்தப் பெயரில் அறிவிப்பது என்ற கேள்விக்கு மட்டும் விடை தள்ளிப்போனது.

அந்தக் கேள்வி இன்று நம் வீட்டுக்கும் வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் பாரம்பரிய மருத்துவத்துக்கு முதன்முறையாகத் தனி அத்தியாயம் உண்டு. முதல் பகுதி, பண்டைய சீன மருத்துவத்திலிருந்து கிளைத்த முறைகளுக்கு. 2024 ஜனவரியில் புது டெல்லியில் வெளியான இரண்டாம் பகுதியில் ஆயுர்வேதம், யுனானியோடு சித்த மருத்துவத்தின் நோய்ப் பெயர்களுக்கும் குறியீடுகள் தரப்பட்டுள்ளன. யுன் கேட்டது ஒரு வகையில் கிடைத்திருக்கிறது: பழைய பெயர் அழிக்கப்படாமல், நவீனப் பெயரின் பக்கத்தில் பதிவாகிறது. நோயாளி எந்த முறையில் என்ன சிகிச்சை பெற்றார் என்று கணக்கெடுக்க அந்தக் குறியீடுகள் உதவும். இறப்புக்கான காரணத்தைப் பதிய அந்த அத்தியாயத்தைப் பயன்படுத்துவதில்லை.