வயா: உணவு வேட்கையின் பால் வேறுபாடும் ஒரு சொல்லின் பொருள் வரலாறும்

உணவின்மீது எழும் அடக்கவியலா விருப்பம் கருவுற்ற பெண்ணிடம் தோன்றின் தமிழர் அதனை மசக்கை என்பர். பழைய வழக்கில் வயா அல்லது வயவு. ஆணிடம் அதே விருப்பம் தோன்றின் ஆசை, நாவூறல் முதலிய பொதுச்சொற்களே பயன்படுகின்றன. உணவு வேட்கையில் ஆணும் பெண்ணும் வேறுபடுவது உடலாலா, வழக்காலா என்னும் வினாவை ஆராய்வதற்கு இச்சொல்வழக்கும் ஒரு சான்றாகும்.

தொல்காப்பிய உரியியல் வயா என்பதற்கு வேட்கையின் மிகுதி என்றே பொருள் தருகிறது. அங்கு உணவும் சுட்டப்படவில்லை, பெண்ணும் சுட்டப்படவில்லை. ஐங்குறுநூறு 51ஆம் பாடலில் நீர்க்கோழிப் பேடை தன் சேவலை நாடும் வேட்கையும் வயா. தலைவியின் நோயும் வயா. அந்நோயைத் தலைவனிடம் எடுத்துரைக்கும் தோழி அவன் மார்பைப் புளிங்காய் வேட்கையோடு சேர்த்துப் பேசுகிறாள். கருவுற்றார் புளிப்பை விரும்புவர் என்பது கேட்போர் அறிந்த செய்தியாதலின் அப்பேச்சு பொருள்படுகிறது. பொதுப்பொருளும் சிறப்புப்பொருளும் ஒரே பாடலில் உராய்ந்து நிற்கும் இடம் இது. குறுந்தொகை 287இல் கச்சிப்பேட்டு நன்னாகையார், நீர் சுமந்து மெல்ல ஏறும் மேகத்திற்கு நிறைசூல் மகளிரை உவமையாக்கும்போதும் புளிவேட்கையை அவர்தம் அடையாளமாகக் கொள்கிறார். புறநானூறு 20இல் குறுங்கோழியூர் கிழார், சேரனின் மண்ணை வயவுற்ற மகளிர் உண்பரேயன்றிப் பகைவர் உண்ணார் என்று புகழ்கிறார். உண்ணுதல் என்பது கைப்பற்றுதலையும் குறிக்க, மண் தின்னும் வழக்கம் மன்னன் புகழுக்குக் கருவியாகிறது. நோயாகக் கருதப்பட்ட ஒன்று வாழ்த்துப் பாட்டில் இவ்வாறு இடம்பெறுவது அரிது.

பொதுச்சொல் இவ்வாறு சூலுற்ற மகளிருக்கு உரியதாகியமை சிறப்புப்பொருட்பேறு எனப்படும். சொல் குறுகியபோது கருத்தும் உடன் குறுகியது எனலாம்.

தற்கால உளவியல் ஆய்வுகளிலும் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைன்கார்ட்டன், எல்ஸ்டன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், மாணவியருள் 97 விழுக்காட்டினரும் மாணவருள் 68 விழுக்காட்டினரும் உணவு வேட்கையை உணர்ந்ததாகக் கூறினர். இவ்வேறுபாட்டை மாதவிடாய்ச் சுழற்சியின் இயக்குநீர்களால் விளக்குவது வழக்கம். அவ்விளக்கம் போதாது. செல்னர் குழுவினரின் 2004ஆம் ஆண்டு ஆய்வில், சாக்லேட்டை வேட்கும் அமெரிக்கப் பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வேட்கையை மாதவிடாயை ஒட்டிய நாட்களில் உணர்ந்தனர்; ஸ்பானியப் பெண்களுள் கால்பங்கினரே அவ்வாறு கூறினர். இயக்குநீர்கள் இரு நாட்டவர்க்கும் ஒன்றே. மாதவிடாய் நின்ற பின்னரும் சாக்லேட் வேட்கை எதிர்பார்த்த அளவிற்குக் குறையவில்லை என ஹார்ம்ஸ், ரோசின் ஆகியோர் 2009இல் காட்டினர். அவ்விருவரே மறு ஆண்டில், இவ்வேட்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான சொல் பல மொழிகளில் இல்லை என்றும் எடுத்துரைத்தனர். வினாநிரலை மொழிபெயர்த்து ஆண், பெண் விடைகளை ஒப்பிடுவோர் இதனைக் கருத வேண்டும். தமிழில் வினவும்போது மசக்கை என்ற சொல் நுழைந்தால் ஆண்கள் வினாவிலிருந்தே விலக்கப்படுவர்.

ஆயினும் எல்லாவற்றையும் வழக்கின்மேல் ஏற்றுதலும் பொருந்தாது. மண், சாம்பல், பச்சரிசி, பனிக்கட்டி ஆகியவற்றின்மீதான வேட்கை இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடையது. அக்குறைவு உள்ள ஆணிடமும் இது தோன்றும். மாதவிடாய்க் குருதியிழப்பாலும் கருவின் தேவையாலும் பெண்களிடம் இக்குறைவு மிகுதி. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 57.0 விழுக்காட்டினர்க்கும் ஆண்களுள் 25.0 விழுக்காட்டினர்க்கும் இரத்தசோகை உள்ளது. சிலவகைக் களிமண் இரும்புச்சத்தைக் குடல் ஈர்ப்பதையும் தடுக்குமாதலின், மண் தின்னுதல் குறையை மேலும் வளர்க்கக்கூடும்.

மசக்கை என்னும் பெயர் இங்கு இடையூறாகிறது. கருவுற்றவள் மண்ணை நாடினால் அது இயல்பு என்று வீட்டார் அமைதி கொள்வர். மருத்துவரிடம் அச்செய்தியைக் கூறவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. கருவுறாத இளம்பெண் பச்சரிசியை மென்றால் அது கெட்ட பழக்கம் எனக் கண்டிக்கப்படுகிறது. கருவுற்றவர்க்கேனும் பேறுகாலப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு பார்க்கப்படும். கண்டிப்பு மட்டுமே பெறும் இளம்பெண்ணுக்கு அவ்வாய்ப்பும் வாய்ப்பது அரிது.