மலையிறங்கும் வண்டியும் மிச்சமாகும் டீசலும்

நீலகிரித் தோட்டங்களில் விளையும் காரட்டும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் மலையை விட்டிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து, அங்கே ஏலமாகி, பிறகு சமவெளியின் ஊர்களுக்கெல்லாம் பிரிந்து செல்லும் நீண்ட பிரயாணத்தின் முதற்கட்டத்தில், பிக்கப் என்று எல்லோரும் அழைக்கும் சிறிய லோடு வண்டிகளுக்கு விசேஷமான இடம் உண்டு. ஒன்றரை டன்னுக்குச் சற்று முன்பின்னாகச் சரக்கை ஏற்றிக்கொண்டு, லாரி நுழையத் தயங்கும் தோட்டப் பாதையிலும் நுழைந்து, விடியுமுன் மண்டி வாசலில் நிற்க வேண்டிய இவ்வண்டிகளில் பல, ஒரு குடும்பத்தின் ஒரே சொத்தாக இருப்பவை. வண்டிக்குச் சொந்தக்காரரே டிரைவராகவும், சுமை கட்டுகிறவராகவும், கணக்குப் பிள்ளையாகவும் இருந்து தீர வேண்டியவர். மாதத் தவணை, இன்ஷூரன்ஸ், எஃப்.சி., டயர் என்று முன்கூட்டியே நிச்சயமாகிவிட்ட செலவுகளில் அவர் குறைத்துக்கொள்ள இடமில்லை. டீசல் ஒன்றுதான் அவருடைய அன்றாட நடத்தைக்குக் கட்டுப்பட்ட செலவு.

அச்செலவு எவ்வளவு என்பதை ஒரு சாதாரணக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் வீதம் வருஷத்தில் 300 நாள் ஓடும் வண்டி, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 2,500 லிட்டர் டீசல் வேண்டும்; அதே வண்டி 14 கிலோமீட்டர் கொடுக்குமானால் ஏறத்தாழ 2,140 லிட்டரே போதும். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், வித்தியாசம் 32,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. வண்டியில் ஓர் ஆணியைக்கூட மாற்றாமல், ஓட்டும் முறையாலும் சிறிது கவனிப்பாலும் இவ்வித்தியாசத்தை அடைய முடியும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இதற்கு முதலில், ஊற்றிய டீசல் எங்கே போகிறது என்று அறிந்துகொள்வது அவசியம். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ஆம் வருஷம் ருடால்ஃப் டீசல் தம்முடைய யந்திரத்தைப் பரீட்சித்துக் காட்டியபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றிற்று. நீராவி யந்திரங்கள் பத்துச் சதவீதத்தைச் சுற்றியே தடுமாறிக்கொண்டிருந்த அக்காலத்தில் இது பெரிய ஆச்சரியமாயிருந்தது. இன்றைய சிறு டீசல் யந்திரம் தனக்குகந்த நிலையில் 40 சதவீதத்தை நெருங்கக்கூடியதுதான் என்றாலும், நின்றும் நகர்ந்தும் ஓடும் சாலை வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்ந்தாலே நல்ல லாபம். மீதமெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெறும் சூடாக வெளியேறிவிடும். சக்கரத்துக்கு வந்த அந்தச் சொற்ப பாகமும் நான்கு வழியில் செலவாகிறது. டயர் சாலையில் நசுங்கி உருளுவதற்கு ஒரு பங்கு. எதிர்க்காற்றைப் பிளப்பதற்கு ஒரு பங்கு. மேடேறுவதற்கு ஒரு பங்கு. நான்காவது பங்கு, வண்டிக்குக் கொடுத்த வேகத்தைப் பிரேக்கை மிதித்து அழிப்பதற்கு. முதல் மூன்றையும் முற்றிலும் தவிர்க்க இயலாது. நான்காவதோ, பெரும்பாலும் டிரைவரின் இஷ்டத்தைப் பொறுத்தது.

சரக்கோடு சேர்த்து மூன்று டன் எடையுள்ள ஒரு பிக்கப்பை நின்ற நிலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு, மேலே சொன்ன கணக்குப்படி ஏறக்குறைய 35 மில்லி டீசல் எரிந்தாக வேண்டும். எதிரே வேகத்தடை இருப்பதைக் கடைசி நிமிஷத்தில் கண்டு பிரேக்கை அழுத்தி நிறுத்தினால், அந்த 35 மில்லியும் பிரேக் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. இப்படி முப்பது தடவை நிறுத்திப் புறப்பட்டால் ஒரு லிட்டர் தீர்ந்தது. கிணற்றில் பாடுபட்டு இறைத்த தண்ணீரை வாய்க்காலில் விடாமல் மறுபடியும் கிணற்றுமேட்டிலேயே கொட்டுவதற்கு இது சமானம். இருநூறு மீட்டருக்கு அப்பால் சிக்னல் சிவந்திருப்பதைப் பார்த்தவுடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே உருளவிட்டு, அங்கே போய்ச் சேருவதற்குள் சிக்னல் பச்சையானால் இருக்கிற வேகத்திலேயே கடந்து செல்லுகிற டிரைவர், பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குச் சோம்பேறியாகத் தோன்றலாம். ஆனால் அவர் வண்டியே மிகுந்த மைலேஜ் கொடுக்கும் வண்டி. இதோடு, யந்திரத்தை அலறவிடாமல், நிமிஷத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்றுக்குள் இருக்கும்போதே அடுத்த கியருக்கு மாற்றுவதும், கிளட்சின் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாமலிருப்பதும் சேர்ந்துவிட்டால் ஓட்டும் கலையில் பெரும்பகுதி கைவந்தாயிற்று.

இப்போது, நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். மலையிறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் டீசல் மிச்சமாகும் என்றொரு நம்பிக்கை, நம்முடைய டிரைவர்களிடையே வெகுகாலமாக வேரூன்றிக் கிடக்கிறது. சிலர் அதற்கும் மேலே போய்ச் சாவியைத் திருப்பி யந்திரத்தையே அணைத்துவிடுகிறார்கள். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டிகளின் காலத்திலிருந்து வந்த எச்சமாக இது இருக்கலாம். இன்றைய காமன்ரெயில் டீசல் வண்டியைப் பொறுத்தவரை இந்நம்பிக்கை தலைகீழானது. வண்டி கியரிலிருக்க, டிரைவர் ஆக்ஸிலேட்டரை முழுதும் விட்டுவிட்ட நிலையில் சரிவில் இறங்கும்போது, யந்திரத்தைச் சுழற்றுவது டீசல் அன்று; உருளும் சக்கரங்களே யந்திரத்தைச் சுழற்றுகின்றன. அதை உணர்ந்துகொள்ளும் மின்னணுக் கட்டுப்பாடு இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. ஒரு சொட்டு டீசலும் உள்ளே போவதில்லை. நியூட்ரலிலோ, சக்கரத்துக்கும் யந்திரத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவதால், யந்திரம் அணைந்துவிடாமல் ஓடிக்கொண்டிருப்பதற்கே மணிக்குச் சுமார் அரை லிட்டர் டீசல் தேவைப்படுகிறது. ஆகவே, மிச்சம் பிடிப்பதாக எண்ணிக் கியரை விடுவிக்கிறவர், ஒன்றுமே செலவாகாத இடத்தில் புதிதாக ஒரு செலவைத் தொடங்கிவைக்கிறார். சமவெளியின் மென்சரிவில், கியரிலிருக்கும் வண்டியைவிட நியூட்ரல் வண்டி சற்றுத் தூரம் அதிகமாக உருளும் என்பது வாஸ்தவமே. அந்த அற்ப லாபத்தைக் காட்டி மலைப்பாதைக்கு நியாயம் கற்பிப்பது தகாது.

ஏன் தகாது என்பதற்கு இன்னொரு கணக்கு உண்டு. குன்னூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அதற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் கீழே. மூன்று டன் வண்டி இவ்வளவு ஆழம் இறங்கும்போது அதனிடமிருந்து வெளிப்படும் சக்தி, ஒரு முழு லிட்டர் டீசலை எரித்தால் உண்டாகும் வெப்பத்தைக் காட்டிலும் அதிகம். இந்தச் சக்தியை யாராவது வாங்கிக்கொண்டுதான் தீரவேண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கினால், காற்றை உள்ளிழுத்து அமுக்கி வெளியே தள்ளும் யந்திரம் அதில் பெரும்பாகத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால், அவ்வளவும் நான்கு சக்கரங்களின் பிரேக் லைனிங்கின்மேல் விழுகிறது. வளைவுக்கு வளைவு மிதிபட்டுச் சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கிறது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழியிட்டால் பெடல் தரையைத் தொட்டும் வண்டி நிற்பதில்லை. முதலில் ஒரு கருகல் நாற்றம் வரும். அதை அலட்சியம் செய்துவிட்டால் அடுத்த கொண்டை ஊசி வளைவில் செய்வதற்கு ஒன்றுமிருக்காது. யந்திரத்தையே அணைத்துவிட்டவருக்கோ ஆபத்து இன்னும் அதிகம்: பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் சில மிதிகளிலேயே தீர்ந்துபோகும், பவர் ஸ்டியரிங் இரும்பாக இறுகும், சாவியை உருவிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழக்கம், உயிருக்குப் பாதுகாப்பு என்றே கருதப்பட்டது. அது டீசலுக்கும் பாதுகாப்பு என்பதை இன்றைய யந்திரம் நிரூபித்திருக்கிறது. மலை டிப்போக்களிலும் மண்டி வாசலிலும் இந்த ஒரு செய்தியைப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால், எத்தனையோ வீடுகளில் விளக்கு அணையாமலிருக்கும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

மலையைத் தாண்டிக் கோயமுத்தூர்ச் சாலைக்கும் நான்கு வழிச்சாலைக்கும் வந்துவிட்டால், எதிரி மாறிவிடுகிறது. அங்கே வண்டியோடு மல்லுக்கு நிற்பது காற்று. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. அறுபதில் போகிற வண்டியை எண்பதுக்குத் துரத்தினால், வேகம் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிறது. காற்றெதிர்ப்போ முக்கால் பங்குக்கு மேல் அதிகமாகிறது. நூறு கிலோமீட்டர்த் தூரத்தில் இதனால் மிச்சமாகும் நேரம் 25 நிமிஷம். எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்க சர்க்கார் 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர் என்று வேக வரம்பு விதித்ததற்கும், நம் நாட்டில் பெட்ரோலியச் சிக்கனத்துக்காக 1978-இல் ஏற்பட்ட பி.சி.ஆர்.ஏ. என்னும் ஸ்தாபனம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே உத்தமம் என்று சொல்லி வருவதற்கும் ஆதாரம் இந்தத் தத்துவமே.

காற்றின் விஷயத்தில் நம்முடைய வண்டிகளுக்கென்று ஒரு விசேஷக் குறையும் இருக்கிறது. கம்பெனியிலிருந்து தாழ்வான பெட்டியோடு வரும் பிக்கப்பின்மேல் ஆளுயரக் கம்பிக்கூண்டு கட்டி, கேபினுக்கு மேலும் ஒரு கேரியர் வைத்து, சரக்கில்லாத நாளிலும் அதைக் கழற்றாமல் சுமந்து திரிவது வழக்கமாகிவிட்டது. சரக்குக்குக் கூண்டு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கேபினுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் அடியும் காற்றுக்குக் காட்டும் மார்பை அகலமாக்குகிறது என்பதையும், சரியாக இழுத்துக் கட்டாத தார்ப்பாய் வழிநெடுகப் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசை டீசல் செலவாகும் ஓசை என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும். பிக்கப்புகள் மலிந்த அமெரிக்காவில், காலி வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்றுத் தடையின்றிப் போகும் என்ற எண்ணம் நெடுநாள் நிலவிற்று. காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது உண்மை வேறாயிருந்தது: மூடிய பெட்டிக்குள் காற்று ஒரு சுழலாக நின்றுகொண்டு, மேலே வரும் காற்றை வழுக்கிச் செல்லவிடுகிறது, கதவை இறக்கினால் அச்சுழல் கலைந்து இழுவை அதிகமாகிறது. ஆகையால் கதவு மூடியே இருக்கட்டும்.

டயரில் காற்றுக் குறைவதால் உண்டாகும் நஷ்டம் சிறிதே ஆயினும் ஓயாதது. ஒரு பவுண்டு குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகிறது என்பது கணக்கு. பத்துப் பவுண்டு குறைந்த டயரோடு ஓடும் வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம். காற்றை ஓடிச் சூடான டயரில் அளக்கக்கூடாது. காலையில், வண்டி புறப்படுமுன், குளிர்ந்த டயரில் அளக்கவேண்டும். டயரின் முகத்தின்மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியாகவும், வெளியிலிருந்து உள்ளாகவும் தடவிப் பார்த்தால், ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம்போல் சொரசொரப்பாகவும் தட்டுப்படுமானால், வீல் அலைன்மென்ட் கெட்டுவிட்டது. சக்கரம் உருளுவதோடு தேய்த்துக்கொண்டும் போகிறது. இதைக் காட்டிலும் மறைவான திருடன் பிரேக் ஜாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சமதரையில் ஓடிவந்த வண்டியை நிறுத்தியதும், ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும், தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். மூன்று சக்கரங்கள் வெதுவெதுப்பாயிருக்க ஒன்று மட்டும் அனலடித்தால், அங்கே லைனிங் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் அது தாராளமாகச் சுற்றாமல் நின்றுபோவதும் அதற்கு அடையாளம். எந்த மெக்கானிக்கும் அரைமணியில் சரிசெய்யக்கூடிய இக்குறை, பல வண்டிகளில் மாதக்கணக்காகக் கவனிப்பாரின்றி டீசலைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

மலைக்குளிரில் பத்து நிமிஷம் யந்திரத்தைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவது இன்றைய வண்டிகளுக்கு அநாவசியம். அரை நிமிஷம் போதும், பிறகு மெல்ல ஓட்டினால் ஓட்டத்திலேயே சூடேறிவிடும். மண்டி வரிசையில் காத்திருக்கும்போது அணைத்துவிடலாம். நெடிய ஏற்றம் ஏறிவந்து நின்றால் மாத்திரம், டர்போ ஆறுவதற்காக ஒரு நிமிஷம் விட்டு அணைப்பது நலம். டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டாங்கில் போடும் மாத்திரை முதலியவற்றுக்குப் பணம் கொடுக்கவே வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைப் பரிசீலித்தும், சொல்லும்படியாக மைலேஜைக் கூட்டுகிற ஒன்றைக் காணவில்லை.

இவ்வளவையும் டிரைவரிடம் சொல்லிவிட்டு முதலாளியையும் வியாபாரியையும் விட்டுவிடுவது நியாயமாகாது. ஐந்து மணி ஏலத்துக்குச் சரக்கு வேண்டுமென்று நான்கு மணிக்குத் தோட்டத்தில் லோடு ஏற்றி அனுப்பினால், டிரைவர் எந்தச் சாஸ்திரத்தைப் படித்திருந்தும் பிரயோஜனமில்லை. டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கண்டிப்பாக அளந்துகொடுத்து, மிஞ்சினால் உனக்கு, குறைந்தால் உன் பேட்டாவில் கழிவு என்று ஏற்பாடு செய்கிற இடங்களில்தான் மலையில் நியூட்ரல் போடும் ஆசை மிகுதியாகத் தலைதூக்குகிறது. அதற்குப் பதிலாக, மாதம் முழுவதும் டாங்கை நிரப்பியதிலிருந்து மறுபடி நிரப்பும்வரை ஓடிய தூரத்தையும் ஊற்றிய அளவையும் ஒரு நோட்டில் குறித்துவந்து, அதே வண்டி அதே பாதையில் முந்திய மாதத்தைவிட எவ்வளவு மிச்சம் செய்தது என்று பார்த்து, அம்மிச்சத்தில் பாதியை டிரைவருக்குக் கொடுப்பது நலம். ஒரு டிரிப்பின் கணக்கு, ஏற்றிய சுமைக்கும் அடித்த காற்றுக்கும் தக்கபடி மாறும். மாதக் கணக்கில் அந்த ஏற்றத்தாழ்வுகள் பெரும்பாலும் சமனாகிவிடும். பிரேக் ஜாமும் காற்றுக்குறைவும்கூட அந்த நோட்டில் திடீரென்று விழும் எண்ணாகத் தெரிந்துவிடுமாகையால், பழுது பெரிதாகுமுன் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பவும் அது உதவும்.