நெடுமங்காடு சந்தை: உரிமைப் போராட்டத்தின் களம்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் இருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில், செங்கோட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ளது நெடுமங்காடு. மிளகு உள்ளிட்ட மலையோர விளைபொருள்களின் பாரம்பரியச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. கோயிக்கல் அரண்மனை அருங்காட்சியகத்தைக் காண வருவோர், இச்சந்தையின் வரலாற்றையும் அறிய வேண்டும்.

திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில், புலையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் சந்தைக்குள் நுழையத் தடை இருந்தது. நிலத்தில் பாடுபட்டு விளைவித்தவர்களே வெளியே நிறுத்தப்பட்டனர்.

வெங்ஙானூரைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதி அய்யன்காளி, 1912-இல் ஆதரவாளர்களுடன் சந்தைக்குள் நுழைந்தார். எதிர்ப்பாளர்களுடன் மோதல் வெடித்தது. பின்வாங்காத போராட்டத்தால், அங்கு வாங்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை கிடைத்தது.

கோயில்களை அனைத்துச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்ட திருவிதாங்கூர் ஆலய நுழைவுப் பிரகடனம் வெளியானது, அதற்கு 24 ஆண்டுகள் கழித்து, 1936-இல்தான்.