நெஞ்சு நோவுக்குச் சோடா மருந்தல்ல

இரவில் நெஞ்சு நோவு தொடங்கி, விடிந்த பிறகு வைத்தியசாலைக்கு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். சல்லி, சாம்பல்தீவு போன்ற கரையோரக் கிராமங்களுக்குத் திருகோணமலைப் பொது வைத்தியசாலை தூரமில்லை. ஆனாலும் பொன்னான நேரம் வீட்டிலேயே போய்விடுகிறது. கேட்டால் ஒரே பதில்: "வாய்வு எண்டு நினைச்சம்."

வாய்வென்று யார் சொன்னது?

சோடா, இஞ்சித் தேநீர், உள்ளி, கடையில் வாங்கிய காஸ் குளிசை, முதுகில் தேய்த்த தைலம் எதுவும் அடைபட்ட இரத்தக் குழாயைத் திறக்காது. ஏப்பம் வந்து சற்று ஆறிவிட்டதால் மாரடைப்பு இல்லை என்றாகாது. நடு நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் என்று வந்தால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் நோவே இல்லாமல் களைப்பும் சத்தியும் மட்டும் வரலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணித்தியாலம் கடந்தால் பெரும்பாலும் பயனில்லை.

வலை இழுக்கிறவருக்கும் வரும்

உடலுழைப்பு நல்லதுதான். ஆனால் அது சிகரெட்டின் கேட்டை அழித்துவிடாது. மீன் நல்லது; கருவாட்டு உப்பு பிரஷரை ஏற்றும். மெலிந்தவருக்கு மாரடைப்பு வராது என்பதும் பொய். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதத்துக்கு ஒன்பது காரணிகளே பொறுப்பு என்று கண்டது. புகைத்தல், கொலஸ்ட்ரோல், பிரஷர், சீனி வருத்தம் அவற்றில் முக்கியமானவை. தெற்காசியரான நமக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருவதையும் அதே ஆய்வுத் தரவுகள் காட்டின.

குளிசையைப் பங்கு போடாதீர்கள்

பக்கத்து வீட்டு அக்காவின் பிரஷர் குளிசை உங்களுக்கானதல்ல. கிளினிக்கில் தந்ததை "இப்ப சுகம்" என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பிரஷர் குறைந்திருப்பதே அந்தக் குளிசையால்தான். கசாயம் போதும் என்கிறவர் உங்கள் பிரஷரை அளந்து பார்த்தவரல்ல.

பரிசோதனை

35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கலாம்.

கைகூப்பிக் கேட்கிறேன்

கருவாட்டு உப்பையும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, போதும். பிளேன்டீயில் சீனியைக் குறையுங்கள். தினமும் அரை மணி நேரம் நடவுங்கள். சிகரெட்டை இன்றே விடுங்கள். ஒரு வருடத்தில், புகைத்ததால் கூடிய மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகும். அம்மாமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டு உங்கள் நோவை மறைக்காதீர்கள். வந்து பார்த்து, வெறும் வாய்வென்று தெரிந்தால் நாங்கள் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்புவோம். நள்ளிரவானாலும் தயவுசெய்து உடனே வாருங்கள்.