இடமிருந்து வலமாக ஒரு மேக்ஸ்

மாணவர் மதிப்பெண் அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெயர், அதை அடுத்து மூன்று தேர்வுகளுக்கு மூன்று நெடுவரிசைகள். ஒரு மாணவி வாங்கியது 62, 78. மூன்றாவது கட்டம் காலி. அவள் எடுத்ததில் எது அதிகம் என்றால் யாரும் 78 என்றே சொல்வார்கள். எஸ்க்யூஎல் மொழியில் கேட்டால், விடை எந்தத் தரவுத்தளத்திடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேக்ஸ் என்ற சார்பு ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து, அந்தத் தேர்வில் வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண்ணைத் தரும். ஒரே மாணவியின் மூன்று கட்டங்களை ஒப்பிட கிரேட்டஸ்ட் என்ற சார்பு வேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய் 78 என்கிறது. எஸ்க்யூஎல் சர்வரும் அப்படித்தான், ஆனால் இந்தச் சார்பே அதற்கு 2022 பதிப்பில்தான் வந்தது. ஆரக்கிளும் மைஎஸ்கியூஎல்லும் விடையையே காலியாக, 'நல்' என்று திருப்பித் தருகின்றன.

இதைப் பிழை என்று ஒதுக்க முடியாது. நல் என்றால் 'தெரியாது' என்று கொண்டால், அந்தத் தெரியாத எண் 90 ஆகவும் இருக்கலாமே. அப்போது 78-ஐ உயர்ந்தது என்று எப்படிச் சொல்வது? 2023-இல் கிரேட்டஸ்ட்டைச் சேர்த்துக்கொண்ட எஸ்க்யூஎல் தரநிலையும் இந்தப் பக்கமே நிற்கிறது. ஆனால் அந்த மாணவி தேர்வே எழுதவில்லை என்றால் அங்கே மறைந்திருக்கும் எண் எதுவும் இல்லை, 78தான் சரி. விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லையா, தேர்வே எழுதவில்லையா என்பது காலிக் கட்டத்தைப் பார்த்து இயந்திரத்துக்குத் தெரியாது. அதை முடிவுசெய்ய வேண்டியவர் வினவலை எழுதுபவர்.

காலி இடத்தில் கோயலெஸ் சார்பைக் கொண்டு பூஜ்யத்தை வைத்தால் போதுமே என்பார்கள். மதிப்பெண்ணுக்கு அது ஓரளவு ஒத்துவரும். ஆனால் எந்தத் தேர்வும் எழுதாதவருக்குப் பூஜ்யம் வாங்கியவர் என்ற பெயர் வந்துவிடும். வெப்பநிலைக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம்: −12, −18, காலி என்ற மூன்றில் உயர்ந்தது பூஜ்யம் என்று பொய்யான அளவு வந்து நிற்கும். தேர்வுக்கு ஒரு வரிசை என்று அட்டவணையை மாற்றுவதே முறை என்பது இதைவிட வலுவான வாதம். மேக்ஸ் எல்லாத் தரவுத்தளத்திலும் நல்லை விட்டுவிட்டே எண்ணும் என்பதால், ஒரே வகை எண்கள் நெடுவரிசைகளாக நீளும் இடத்தில் இதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பதிந்த நாள், திருத்திய நாள், அனுப்பிய நாள் ஆகியவை வெவ்வேறு செய்திகள். அவை தனித்தனி நெடுவரிசையில் இருப்பதே சரி. அவற்றில் கடைசி நாளைக் கண்டுபிடிக்க கிரேட்டஸ்ட் தேவைதான்.

எனவே வினவலை வேலைக்கு அனுப்பும் முன், ஒரு கட்டம் காலியான வரிசையிலும் எல்லாமே காலியான வரிசையிலும் அதை ஓட்டிப் பாருங்கள். தரவுத்தளத்தை மாற்றும்போது மறுபடியும் ஓட்டிப் பாருங்கள்.