ஒரே காயத்துக்கு இரண்டு ஊசி ஏன்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் பகுதியில், பச்சைத் தோலில் ஒட்டியிருக்கும் சதையைச் சீவும்போது கை கிழிவது உண்டு. மருத்துவமனைக்குப் போனால் முதல் கேள்வியே “டி.டி. போட்டிருக்கிறீர்களா?” என்பதுதான். சிலரை ஒரே ஊசியோடு அனுப்பிவிடுவார்கள். சிலருக்கு இன்னொன்றும் போடுவார்கள். நாய்க்கடி என்றால் காயத்துக்குள்ளேயே மருந்தைச் செலுத்துவார்கள். ஏன் இந்த வேறுபாடு?

தடுப்பூசி தருவது சொந்தச் சம்பாத்தியம். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளை ஊசியில் ஏற்றுவது கைமாத்து. முன்னது சேர நாளாகும், ஆனால் நிலைக்கும். பின்னது உடனே உதவும், சில வாரங்களில் கரைந்துவிடும்.

டி.டி. எப்படிக் காக்கிறது?

டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆளைக் கொல்வது அந்தக் கிருமி சுரக்கும் நச்சு. உயிரைப் பறிக்கப் போதுமான அளவு நச்சுகூட உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாது என்பதால், நோய் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி தேவை. அந்த நச்சையே ஃபார்மலினால் வீரியம் இழக்கச் செய்து தயாரிப்பதுதான் டி.டி. எனும் டெட்டனஸ் தடுப்பூசி. அதை முறையாகப் போட்டுவந்தவருக்கு, காயம் பட்டால் ஒரு ஊக்க ஊசியே போதும். போடாதவருக்கு அழுக்கான ஆழ்காயம் என்றால், எதிர்ப்பொருள் நிறைந்த இம்யூனோகுளோபுலினும் வேண்டும்.

நாய்க்கடியில் இரண்டும் சேர்ந்து

வெறிநோய்த் தடுப்பூசியில் இருப்பது செல்களில் வளர்த்துக் கொல்லப்பட்ட வைரஸ். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடுகிறார்கள். உடல் எதிர்ப்பொருளைத் தயாரிக்க ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதற்குள் வைரஸ் நரம்பைப் பிடித்துவிட்டால் மீட்பு இல்லை. அதனால்தான் ரத்தம் கசியும் கடிக்குக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலினைச் செலுத்தி, வைரஸை அங்கேயே மடக்குகிறார்கள்.

இந்த இம்யூனோகுளோபுலினைக் குதிரையின் ரத்தத்திலிருந்தோ மனித ரத்தத்திலிருந்தோ எடுக்கிறார்கள். வைரஸின் குறிப்பிட்ட ஓரிடத்தை மட்டும் பற்றும் ஒற்றைவகை எதிர்ப்பொருள் மருந்துகள், அதாவது மோனோகுளோனல் மருந்துகள், ஆய்வகத்திலேயே தயாராகின்றன. சீரம் இன்ஸ்டிடியூட் 2017-ல் இந்தியாவில் அப்படியொரு மருந்தைக் கொண்டுவந்தது.

முன்பே முழுத் தடுப்பூசி போட்டவரை மறுபடி நாய் கடித்தால், 0, 3 ஆகிய இரு நாள் ஊசியே போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. உடல் நோயை நினைவில் வைத்திருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மாட்டுக்குப் போட்டால் மனிதருக்கும் காப்பு

தோல் தொழிலோடு பிறந்த அச்சம் அடைப்பான் எனும் ஆந்த்ராக்ஸ். நோயில் செத்த மாட்டின் தோலை உரிப்பவர் கையில் சிறு கீறல் இருந்தாலும் கிருமி நுழையும். நடுவில் கருத்த பொருக்குத் தட்டிய புண் வரும். இதற்குத் தடுப்பு தொழுவத்திலேயே தொடங்குகிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான் தடுப்பூசியைத் தயாரிக்கிறது. அதில் இருப்பது உயிருள்ள கிருமியின் வித்துதான். ஆனால் மேலுறையை இழந்து நோய் உண்டாக்கும் வலிமை போன வகை. நோய் மனிதரைத் தாக்கிவிட்டால் ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே கசிந்த நச்சை அதனால் தடுக்க முடியாது. அந்த நச்சை மடக்கும் ராக்ஸிபாகுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு 2012-ல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

வேலூர் சொன்ன பாடம்

உயிருள்ள கிருமி, கொல்லப்பட்ட கிருமி என இரு வகைத் தடுப்பூசியும் போலியோவுக்கு உண்டு. அதன் சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழந்த, உயிருள்ள வைரஸ். அது குடலிலேயே காவலை உண்டாக்கும். ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். அது ரத்தத்தில் எதிர்ப்பொருளை உருவாக்கி, நரம்பை எட்டவிடாது. வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வாளர் டி. ஜேக்கப் ஜான், மேலைநாடுகளில் நன்றாகப் பலித்த மூன்று தவணைச் சொட்டு மருந்து நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்று 1970-களிலேயே காட்டினார். ஊசியும் வேண்டும் என்று வாதிட்டார். 2015 நவம்பரில்தான் ஊசி மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வரத் தொடங்கியது. ஓர் ஊரில் பலித்த மருந்தை இன்னோர் ஊரில் சோதித்துப் பார்க்காமல் நம்பிவிட முடியாது என்பதே அந்த ஆய்வு தந்த பாடம்.

செய்ய வேண்டியது

நாய் கடித்தால் முதலில் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். “இம்யூனோகுளோபுலின் தேவையா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். காயம் ஆறிவிட்டது என்று கடைசித் தவணையை விட்டுவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். தோல் ஷாப்பு எனப்படும் தோல் பதனிடும் ஆலையை நடத்துவோர், ஆள் வேலைக்குச் சேரும் நாளிலேயே டி.டி. போட்டிருக்கிறாரா என்று பார்த்து, இல்லையென்றால் போட ஏற்பாடு செய்ய வேண்டும். கையை நம்பி நடக்கும் தொழிலில் அந்தக் கையைக் காப்பது முதலாளியின் கடமை.