மெட்ராஸ் கப்பல் போன எரிமலைத் தீவு

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கரீபியக் கடலில் இருக்கும் செயின்ட் வின்சென்ட் அண்ட் தி கிரெனடைன்ஸ் நாட்டுக்குச் சொந்தமான தீவுகளையும் திட்டுகளையும் மொத்தமாகக் கூட்டினாலும் 389தான் வரும். மக்கள்தொகை சுமார் 1.1 லட்சம்; 2011 கணக்கெடுப்பில் ஆவடியில் மட்டுமே ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். முதன்மைத் தீவான செயின்ட் வின்சென்ட்டின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சென்னைப் புறநகரான நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையில் ஏறி மீஞ்சூர் வரை போகிற தூரம்கூட இல்லை. இருந்தும், அந்தத் தீவை முழு வட்டமாகச் சுற்றிவரச் சாலை கிடையாது. வடக்கே சூஃப்ரியேர் எரிமலை வழியை மறித்து உட்கார்ந்திருக்கிறது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த நாடு அறிமுகமானதுதான். 2024 டி20 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை ஆப்கானிஸ்தான் சாய்த்த ஆர்னோஸ் வேல் மைதானம் இங்கேதான் இருக்கிறது. ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படத்துக்கான துறைமுக செட்டைப் போட்டதும் இங்குள்ள வாலிலபூ வளைகுடாவில்தான். நமக்கு அதைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. 1861 ஜூன் 1 அன்று ‘திருவாங்கூர்’ என்ற கப்பல் ஏறத்தாழ 260 பேரோடு அந்தக் கரையைத் தொட்டது. அது புறப்பட்ட இடம் மெட்ராஸ். அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமல், ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துப் போகப்பட்டவர்கள் அவர்கள். 1880 வரை எட்டுக் கப்பல்கள்; சுமார் 2,400 பேர். 1882 அக்டோபர் 7 அன்று ஆர்கைல் தோட்டத்துத் தொழிலாளர்கள் தலைநகர் கிங்ஸ்டவுனுக்கு நடந்தே போய் நியாயம் கேட்டார்கள். இன்றைக்கு ஜூன் 1, அக்டோபர் 7 இரண்டுமே அங்கே நினைவு நாட்கள். 2017இல் திறந்த பன்னாட்டு விமான நிலையமும் அதே ஆர்கைலில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், பார்படோஸ் என்று மாறி மாறித்தான் போக வேண்டும்.

கப்பல் ஏறியவர்கள் விட்டுப்போன நிலத்துக்கும் போய்ச் சேர்ந்த நிலத்துக்கும் இடையே வயதில் எவ்வளவு வித்தியாசம்! பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் வெளியே தெரிகிற சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. நசரத்பேட்டைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் படிவுகளில் கிடைக்கிற தாவரப் புதைபடிவங்கள் 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையவை. செயின்ட் வின்சென்ட் தீவிலோ, தேடிக் கண்டுபிடித்த மிகப் பழைய பாறைக்கே 30 லட்சம் ஆண்டு நிறையவில்லை. சூஃப்ரியேர் இன்னும் இளசு: ஆறேழு லட்சம் ஆண்டுதான். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் ஆதிமனிதர்கள் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கல்லைத் தட்டிக் கோடரி செய்துகொண்டிருந்தபோது, அந்த மலையே பிறந்திருக்கவில்லை.

பிறந்தது எப்படி? அட்லாண்டிக் கடலின் தரைத்தட்டு ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் மேற்கே நகர்ந்து கரீபியத் தட்டின் அடியில் நுழைகிறது. நீரை உறிஞ்சி வைத்திருக்கும் அந்தத் தட்டு ஆழத்துக்குப் போகப் போக, அழுத்தத்தில் நீர் பிரிந்து மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறுகிறது. நீர் கலந்தால் பாறை உருகத் தேவையான வெப்பம் குறைந்துவிடும். அப்படி உருகிய குழம்பு மேலெழும்பி எரிமலை வரிசையாகிறது. கிரெனடா தொடங்கி வடக்கே வில்லாக வளைந்து போகும் தீவுகள் பலவும் இந்த வரிசையில் வந்தவைதான். நம்மிடமும் ஒன்று இருக்கிறது: அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. அங்கே அடியில் நுழைவது நம் இந்தியத் தட்டு. சென்னை அந்தத் தட்டின் விளிம்பில் இல்லாமல் வெகு உள்ளே இருப்பதால் நமக்கு எரிமலை இல்லை.

இந்த வகைக் குழம்பு ஹவாயில் போல அமைதியாக வழிவதில்லை. கெட்டியாக இருப்பதால் உள்ளே கரைந்திருக்கும் நீராவியும் வாயுக்களும் வெளியேற முடியாமல் திணறும். மேலே அழுத்தம் தளர்ந்ததும், குண்டைத் தட்டிய கோலி சோடா மாதிரி ஒரே மூச்சில் சீறும். சீறும் வேகத்தில் குழம்பு பொடிப்பொடியாகச் சிதறுகிறது. எரிமலைச் சாம்பல் என்கிறோமே, அது விறகு எரிந்த சாம்பல் அல்ல. பாறையும் கண்ணாடியுமான தூள். நனைந்தால் கனத்துக் கூரையையே இறக்கிவிடும், எஞ்சினுக்குள் போனால் அரித்துவிடும்.

1902 மே 7 அன்று சூஃப்ரியேர் வெடித்தது. சரிவில் பாய்ந்த கொதிக்கும் வாயுவும் தூளும் சுமார் 1,600 பேரைக் கொன்றன. மறுநாள் காலை, சுமார் 165 கிலோமீட்டர் வடக்கே மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து சான்-பியேர் நகரையே அழித்தது. அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 28,000. இரண்டு மலைகளும் முன்கூட்டியே அடையாளம் காட்டியிருந்தன. அதைப் படிக்கக் கருவியும் இல்லை, ஆளைக் கிளப்பத் திட்டமும் இல்லை.

2020 டிசம்பர் கடைசியில் சூஃப்ரியேரின் வாய்ப் பள்ளத்துக்குள் புதிய எரிமலைக் குழம்பு தலைகாட்டியது. டிரினிடாடில் உள்ள வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழக நிலநடுக்க ஆய்வு மையத்தார் கூடுதல் கருவிகளை நிறுவி, மாதக்கணக்கில் அதிர்வுகளை எண்ணினார்கள். தீவு முழுவதும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று ஆபத்து மண்டலங்களாக வரைபடத்தில் ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. தன் வீடு எந்த நிறத்தில் இருக்கிறதென்று அறிய யாரும் விஞ்ஞானியாக இருக்கத் தேவையில்லை. 2021 ஏப்ரல் 8 மாலை அபாய நிலை சிவப்புக்கு ஏறி, வெளியேறும் உத்தரவு வந்தது. மறுநாள் காலை 8.41க்கு மலை வெடித்தது. ஏறத்தாழ 20,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். பயிர் போயிற்று, கூரைகள் விழுந்தன. வெடிப்பு நேரடியாக ஓர் உயிரைக்கூட எடுக்கவில்லை. என் கணிப்பில், இந்த நூற்றாண்டின் பெரிய அறிவியல் வெற்றிகளில் இதுவும் ஒன்று. ராக்கெட் ஏவியதற்குக் கிடைத்த கைதட்டல் இதற்குக் கிடைக்கவில்லை.

சாம்பல் கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர் போய் பார்படோஸை மூடியது. கடல்மட்டத்தில் காற்று கிழக்கிலிருந்துதான் வீசுகிறது. வெகு உயரத்திலோ மேற்கிலிருந்து வீசும். சாம்பல் தூண் அந்த உயரத்தைத் தொட்டுவிட்டால் எதிர்த்திசையில் போகும். 1812, 1902, 1979 வெடிப்புகளிலும் இதுவே நடந்தது.

அதே சாம்பல் மண்ணாக மக்கிய பிறகு விளைச்சல் கொடுக்கிறது. குழந்தைக்கு வயிறு சரியில்லையென்றால் நம் வீடுகளில் கஞ்சி காய்ச்சுகிற ஆரோரூட் மாவை உலகுக்கு அதிகமாக அனுப்பிய நாடு ஒரு காலத்தில் இதுதான். 1765இல் தொடங்கிய கிங்ஸ்டவுன் தாவரவியல் பூங்காவும் பார்க்க வேண்டியது. 1793இல் கேப்டன் பிளை டஹிட்டியிலிருந்து கொண்டுவந்த சீமைப்பலா அங்கே வேர்விட்டது. சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும்தான் இன்று தேசிய உணவு.

நசரத்பேட்டைக்கு எரிமலை வராது. ஆனால் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2015 டிசம்பரில் அதிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவில், அடையாற்றங்கரைக்காரர்கள் பலருக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகே விஷயம் தெரிந்தது. எத்தனை கன அடி திறந்தால் எந்தத் தெரு முழுகும் என்று நிறம் தீட்டிய வரைபடம் ஒன்றை அடுத்த கிராம சபைக் கூட்டத்திலும் வார்டு கூட்டத்திலும் கேளுங்கள். அதை ரேஷன் கடைச் சுவரிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொல்லுங்கள்.